வீட்டில் ஸ்ட்ராபெர்ரி ஒயின்: ஊரில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

பிறந்தது காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணமாகிப் போனது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். அங்கே ஜூன் மாதம் வந்தால் தோட்டத்துக்கே போய், நம் கையால் ஸ்ட்ராபெர்ரி பறித்து, எடை போட்டு வாங்கி வரலாம். ஆசையில் பத்து கிலோ பறித்துவிடுவோம். மூன்றாம் நாளே பழம் கசிய ஆரம்பித்துவிடும். ஒரு வருஷம் ஜாம் போட்டுப் போட்டு அலுத்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒயின் செய்யக் கற்றுக்கொண்டேன். பதினோரு வருஷம் விடாமல் செய்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். கல்யாண வீடு, சாந்தி (அறுபதாம் கல்யாணம்) வீடு என்று எங்கே போனாலும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

காரைக்குடியில் என் வீட்டிலேயே செய்யலாமா?

கூடாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. 1937இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம், அந்த வருஷம் அக்டோபரில் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. பிறகு மதுவிலக்கு தளர்ந்தது, கடைகள் திறந்தன. ஆனாலும் அந்தச் சட்டம் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டமாக இன்றும் இருக்கிறது. அதன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பழத்தைப் புளிக்க வைத்துச் செய்யும் ஒயினும் மதுதான். “கடையில் விற்கிறார்களே, நான் வீட்டுக்கு ஒரு பாட்டில் செய்தால் என்ன?” என்று கேட்பார்கள். கடையில் வாங்குவது வேறு, நாமே தயாரிப்பது வேறு. அதனால் ஊருக்கு வந்தபின் நான் ஒரு சொட்டுகூடச் செய்ததில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு ஏற்றதைக் கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் இந்தக் குறிப்பு யாருக்கு?

நம் வீடுகளில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போனார்கள். இன்றைக்கு சிங்கப்பூர், லண்டன், டல்லாஸ். அவர்களுக்குத்தான் இது. அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டப்படி, வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்கு ஒயின் செய்துகொள்ளலாம். விற்கக் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி கொஞ்சம் மாறும். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டில் செய்தால் கள்ளச்சாராயம் மாதிரி விஷமாகிவிடாதா?

இது நியாயமான பயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனதை யாரும் மறக்க முடியாது. அங்கே உயிரைக் குடித்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் பயன்படும் அந்த நஞ்சைச் சாராயத்தில் கலந்திருந்தார்கள். பழம் தானாகப் புளிக்கும்போதும் அதிலிருக்கும் பெக்டின் என்ற கூழ்ப்பொருளிலிருந்து மெத்தனால் உருவாகும், ஆனால் மிகச் சொற்பமாக. கடையில் விற்கும் எந்த ஒயினிலும் அந்த அளவு இருக்கும். அதனால் ஆபத்து வருவதில்லை.

ஆனால் ஒரு எல்லை இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது. புளிக்க வைத்ததை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சி வடிப்பது ஒயின் செய்வதல்ல, சாராயம் காய்ச்சுவது. வீட்டில் ஒயின் செய்ய அனுமதிக்கும் அமெரிக்காவிலேயே வீட்டில் காய்ச்சி வடிப்பதற்கு அனுமதி இல்லை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எந்தப் பழம் நல்லது?

வாசனை உள்ள பழம். கடையில் பிளாஸ்டிக் பெட்டியில் வரும் பெரிய பழம் பார்க்கச் சிவப்பாக இருக்கும். வெட்டினால் நடுவில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருக்கும். அதில் ஒயின் செய்தால் இனிப்புத் தண்ணீர் புளித்த சுவைதான் வரும். காம்படி வரைக்கும் சிவந்து, கூடையைத் திறந்தவுடன் மணம் முகத்தில் அடிக்க வேண்டும். சின்னப் பழமாக இருந்தால் பரவாயில்லை.

அழுகல், பூசணம் தொட்ட பழம் ஒன்றுகூட வேண்டாம். பூசணம் பிடித்த பழத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சேர்க்கும் பழக்கம் உண்டு. ஜாமுக்கே அது தவறு, ஒயினுக்கு இன்னும் தவறு.

இன்னொன்று: பழத்தைக் கழுவி, காம்பைக் கிள்ளி, இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து எடுங்கள். உறையும்போது பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி உள்ளே இருக்கும் செல்களைக் கிழித்துவிடும். வெளியே எடுத்து வைத்தால் அழுத்தாமலே சாறு ஊறி நிற்கும். மிக்ஸியில் அரைத்தால் விதையும் சேர்ந்து நொறுங்கிக் கசப்பு இறங்கும். வடிகட்டவும் படாத பாடு.

அளவு என்ன?

ஏறக்குறைய நாலரை லிட்டர் கிடைக்க:

காம்பு நீக்கிய பழம் 2 கிலோ
சீனி 800 கிராம்
தண்ணீர் சுமார் 2¼ லிட்டர்
சிட்ரிக் அமிலம் 2 டீஸ்பூன்
பால் ஊற்றாத, திக்கான கறுப்பு டீ அரை டம்ளர்
பெக்டிக் என்சைம் (பெக்டினைக் கரைத்து ஒயினைத் தெளியவைப்பது) அரை டீஸ்பூன்
ஈஸ்ட் ஊட்டம் 1 டீஸ்பூன்
கேம்டன் மாத்திரை (கிருமியை அடக்கும் சல்ஃபைட் மாத்திரை) 1
ஒயின் ஈஸ்ட் 5 கிராம் பாக்கெட் 1

டீயைப் பார்த்து எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள். திராட்சைத் தோலில் துவர்ப்பு இருக்கிறது, ஸ்ட்ராபெர்ரியில் அது குறைவு. துவர்ப்பு இல்லாவிட்டால் ஒயின் நாக்கில் நிற்காமல் தண்ணீராக ஓடிவிடும். அந்தக் குறையை டீ சரிக்கட்டும்.

800 கிராம் சீனியா? இனிப்பு அதிகமாகிவிடாதா?

ஆகாது. அந்தச் சீனி முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடும். ஈஸ்ட் என்பது உயிர். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. ஒரு லிட்டரில் 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஏறக்குறைய ஒரு சதவீத ஆல்கஹால் வரும். திராட்சையில் இயல்பாகவே நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் சர்க்கரை இருப்பதால் அதற்கு எதுவும் சேர்க்கத் தேவையில்லை. ஸ்ட்ராபெர்ரியில் இருப்பது நூற்றுக்கு ஐந்து பங்குதான். 2 கிலோ பழத்தில் நூறு கிராம் சர்க்கரை இருந்தால் பெரிது. சீனி போடாவிட்டால் ஒயின் நீர்த்துப்போய், சீக்கிரமே கெட்டுவிடும். மேலே சொன்ன அளவுக்கு ஏறக்குறைய 11 சதவீதம் வரும்.

வெல்லம், கருப்பட்டி போடலாமா என்று கேட்கிறார்கள். கருப்பட்டியின் மணம் எனக்கு உயிர். ஆனால் ஸ்ட்ராபெர்ரியின் மணம் மிக மெல்லியது. பக்கத்தில் கருப்பட்டி வந்தால் அது இருந்த இடமே தெரியாது. வெள்ளைச் சீனியே போடுங்கள்.

ஐயா காலத்து பர்மா ஜாடி இருக்கிறதே, அதில் ஊற வைக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. நம் பழைய வீடுகளில் இரண்டாங்கட்டுச் சாமான் அறையைத் திறந்தால் பீங்கான் ஜாடிகள் வரிசையாக நிற்கும். பார்க்கவே ஆசையாக இருக்கும். வெளிநாட்டு வீட்டில் அலங்காரத்துக்கு ஒன்றைக் கொண்டுபோய் வைத்தவர்களும் உண்டு. ஆனால் அந்தக் காலத்து மெருகுப் பூச்சுகளில் ஈயம் கலப்பது வழக்கம். புளிப்புள்ள திரவம் மாதக்கணக்கில் அதில் நின்றால் ஈயம் கரைந்து இறங்கக்கூடும். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. மங்கு (எனாமல்) சாமானும் அப்படித்தான்; விளிம்பில் மங்கு உதிர்ந்து இரும்பு தெரியும் இடத்தில் புளிப்புப் பட்டால் துரு இறங்கும். பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றும் ஆகாது.

முதல் வாரத்துக்கு உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் வாளி அல்லது எவர்சில்வர் பாத்திரம், அதன்பின் குறுகிய வாயுள்ள கண்ணாடி ஜாடி. இவை போதும். ஜாடியை அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

செய்முறையை முதலிலிருந்து சொல்லுங்கள்.

சுத்தத்திலிருந்து தொடங்குகிறேன். ஊறுகாய் ஜாடியைத் திறக்கும்போது என் அப்பத்தா கையைக் கழுவி, வெள்ளைத் துண்டால் துடைத்து, விரல்களை விரித்து விசிறிக் காய வைத்துவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார். ஈரக்கை ஒரு தடவை பட்டால் வருஷத்து ஊறுகாய் போச்சு. ஒயினுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். வாளி, கரண்டி, வடிதுணி, குழாய், ஜாடி எல்லாவற்றையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, பிறகு கிருமி நீக்கும் கரைசலில் நனைத்து எடுங்கள். ஒயின் சாமான் விற்கும் கடையில் அந்தக் கரைசல் கிடைக்கும்.

உறைந்த பழத்தை ஒரு வலைப்பையில் போட்டு வாளியில் வைத்து முழுவதும் இளக விடுங்கள். இளகியதும் கையால் மெதுவாகப் பிசையுங்கள். தண்ணீரில் பாதியைச் சூடாக்கிச் சீனியைக் கரைத்து, ஆற வைத்து ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்கப் பழத்தின் மேல் ஊற்றக் கூடாது. ஜாம் வாசனை வந்துவிடும், பெக்டினும் இளகி ஒயின் கலங்கலாகவே நின்றுவிடும். மீதித் தண்ணீர், டீ, அமிலம், ஊட்டம் எல்லாம் சேருங்கள். கேம்டன் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து விடுங்கள். பழத்தோடு வந்த காட்டுக் கிருமிகளை அது அடக்கும். துணியால் மூடி வையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பெக்டிக் என்சைம். இன்னும் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஈஸ்ட். அவசரப்பட்டு மாத்திரையோடு ஈஸ்ட்டையும் போட்டால் அது ஈஸ்ட்டையே அடக்கிவிடும்.

ஈஸ்ட்டை, பிள்ளையைக் குளிப்பாட்டும் பதத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில், 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், அரை டம்ளரில் தூவிக் கால் மணி நேரம் விடுங்கள். மேலே நுரை கட்டும். பிறகு வாளியில் ஊற்றுங்கள்.

ஒரு நாள், இரண்டு நாளில் சத்தம் கேட்கும். வாளிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் சிறு மழை ஓட்டின் மேல் விழுகிற மாதிரி இருக்கும். பழம் மேலே மிதந்து வந்து மூடி மாதிரி நிற்கும். அதைக் காலை, மாலை இரண்டு வேளையும் கரண்டியால் உள்ளே அமுக்க வேண்டும். அமுக்காமல் விட்டால் மேலே காய்ந்த பழத்தில் பூசணம் பிடிக்கும். வாளியில் மேலே நான்கு விரல்கடையாவது காலி இடம் விடுங்கள். ஆட்டிய மாவைப் பாத்திரம் நிறைய ஊற்றி வைத்தால் விடிந்ததும் அடுப்படியெல்லாம் மாவாக இருக்குமே, அதே கதைதான்.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள் வாக்கில் பழம் நிறம் வெளுத்து, சோர்ந்து கிடக்கும். பையைத் தூக்கிச் சாறு தானாக வடிய விடுங்கள். பிழியாதீர்கள்; பிழிந்தால் சக்கை இறங்கும். வடித்ததைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, ஏர்லாக் பொருத்துங்கள். அது தண்ணீர் ஊற்றிய சின்னக் குழாய். உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. ஜாடியை இறுக்கி மூடுவது ஆபத்து. வாயு அழுத்தம் கண்ணாடியை வெடிக்க வைக்கும்.

எந்த ஈஸ்ட்? பிரெட் ஈஸ்ட் போதாதா?

பிரெட் ஈஸ்ட்டிலும் புளிக்கும். ஆனால் ரொட்டி வாசனை வரும், அடியில் நன்றாகப் படியாது, ஆல்கஹால் கொஞ்சம் ஏறியதும் களைத்துவிடும். ஒயின் ஈஸ்ட் ஒரு பாக்கெட் அதிக விலையில்லை. நான் லால்வின் 71பி என்ற ஈஸ்ட்டைத்தான் விரும்பிப் போடுவேன். பழ மணத்தைத் தூக்கிக் காட்டும்.

எங்கள் ஊரில் வெயில் அதிகம். டெக்ஸாஸில் இருக்கிறோம், ஏறக்குறைய காரைக்குடிதான். புளிக்குமா?

புளிக்கும், சொல்லப்போனால் வேகமாகப் புளிக்கும். அதுதான் பிரச்சினை. இட்லி மாவுக்குச் சித்திரை வெயில் வரப்பிரசாதம், ஸ்ட்ராபெர்ரி ஒயினுக்கு எதிரி. 18 முதல் 22 டிகிரி வரை இருந்தால் நிதானமாகப் புளித்து மணம் தங்கும். 30 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் வெறி பிடித்த மாதிரி வேலை செய்யும். மணம் வாயுவோடு சேர்ந்து பறந்துவிடும், தொண்டையில் எரியும் கடுமை வரும். குளிரூட்டிய அறையில் இருட்டான மூலையில் வையுங்கள். அது முடியாவிட்டால் ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் ஊற்றி, ஜாடியை அதில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, மின்விசிறியை அதன் மேல் திருப்பி வையுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வழிதான். நான்கைந்து டிகிரி குறைந்துவிடும்.

பழத்தை உறைபெட்டியில் போட்டுவிட்டு, வெயில் தணிந்த பிறகு செய்வது இன்னும் நல்லது. பழம் காத்திருக்கும்.

ஹைட்ரோமீட்டர் அவசியமா?

என்னைக் கேட்டால் அவசியம். கண்ணாடியில் ஒரு மிதவை, பக்கத்தில் திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் எண்கள். சர்க்கரை அதிகம் இருந்தால் உயரமாக மிதக்கும், குறையக் குறையத் தாழும். ஈஸ்ட் போடும் முன் 1.080 அளவில் இருக்க வேண்டும். வாளியிலிருந்து ஜாடிக்கு மாற்றும்போது 1.020, 1.030 இருக்கும். முடியும்போது 1.000க்கும் கீழே, 0.996 வாக்கில் நிற்கும். அந்த எண் ஒரு வாரம் அசையாமல் நின்றால்தான் புளித்து முடிந்தது என்று அர்த்தம். குமிழ் நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அறை குளிர்ந்தாலும் குமிழ் நிற்கும்.

“அயித்தை, இரண்டு நாளாகியும் ஒரு குமிழ்கூட வரவில்லை. கொட்டிவிடவா?”

என் அண்ணன் மகன் லண்டனிலிருந்து கேட்டது. கொட்டவே கூடாது. அறை எத்தனை டிகிரி என்று கேட்டேன். பதினான்கு. ஈஸ்ட் தூங்குகிறது, அவ்வளவுதான். கம்பளி போர்த்தி, கொஞ்சம் சூடான அறைக்கு மாற்றச் சொன்னேன். மறுநாள் நுரை வந்துவிட்டது. குளிர் காரணமில்லை என்றால் பழைய ஈஸ்ட்டாக இருக்கலாம், அல்லது கேம்டன் மாத்திரை அளவுக்கு மேல் விழுந்திருக்கலாம். ஒரு நாள் திறந்து நன்றாகக் கலக்கிவிட்டு, புது ஈஸ்ட்டைத் தனியே நுரைக்க வைத்து ஊற்றுங்கள்.

நாற்றம் அடிக்கிறதே?

என்ன நாற்றம் என்பதைப் பொறுத்தது. அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈஸ்ட் பசியில் இருக்கிறது, ஊட்டம் போதவில்லை. ஆரம்ப நாட்களிலேயே கொஞ்சம் ஊட்டம் சேர்த்து, கலக்கி, காற்றாட விட்டால் பெரும்பாலும் போய்விடும். வினிகர் நெடி என்றால் காற்றுப் பட்டு, பழ ஈ மொய்த்து, வேறு கிருமி குடியேறிவிட்டது. அதைத் திருப்ப முடியாது. முதல் வாரத்துக்குப் பிறகு ஜாடியைக் கழுத்துவரை நிரப்பி வைக்கச் சொல்வது இதற்குத்தான். மேலே பூசணம் பஞ்சு மாதிரி வளர்ந்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

தெளிவாக வர எவ்வளவு நாள் ஆகும்?

இங்கே பொறுமை வேண்டும். சங்கப் பாடல்களில் வரும் தேறல் என்ற சொல்லுக்குத் தெளிந்த மது என்றே பொருள். நம்மவர்கள் அந்தக் காலத்திலேயே தெளிவைத்தான் மெச்சியிருக்கிறார்கள். ஜாடியின் அடியில் இறந்த ஈஸ்ட் சந்தனக் குழம்பு மாதிரி படியும். ஒரு மாதம் கழித்து, மெல்லிய குழாயால் மேல் தெளிவை மட்டும் இன்னொரு ஜாடிக்கு இறக்குங்கள். குழாயின் முனை ஒயினுக்குள்ளேயே இருக்கட்டும். உயரத்திலிருந்து கொட்டினால் காற்றுக் கலக்கும். இப்படி ஒன்றரை, இரண்டு மாத இடைவெளியில் இன்னும் இரண்டு முறை. ஜாடிக்குப் பின்னால் ஒரு எழுத்துத் தாளை வைத்துப் பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் பாட்டிலில் ஊற்றலாம்.

பெக்டிக் என்சைம் போட மறந்திருந்தால் எத்தனை மாதமானாலும் மூட்டமாகவே நிற்கும். சுவைக்குக் குறையில்லை, பார்வைக்குத்தான்.

இனிப்பாக வேண்டும் என்றால்?

புளித்து முடிந்த ஸ்ட்ராபெர்ரி ஒயினில் இனிப்பே இருக்காது. முதல் வாய் குடிப்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், ஏனென்றால் நம் மனத்தில் ஸ்ட்ராபெர்ரி என்றாலே இனிப்பு. கொஞ்சம் இனிப்புச் சேர்த்தால் பழத்தின் மணமே திரும்பி வந்த மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனால் நேரே சீனியைக் கரைத்து பாட்டிலில் அடைத்துவிடக் கூடாது. என் மூன்றாவது வருஷத்தில் அப்படித்தான் செய்தேன். தெளிந்திருந்தாலும் அதில் ஈஸ்ட் மிச்சம் இருந்திருக்கிறது. புதுச் சீனி கிடைத்ததும் விழித்துக்கொண்டது. ஒரு ராத்திரி நிலவறை அலமாரியில் பெரிய சத்தம். போய்ப் பார்த்தால் இரண்டு பாட்டில் வெடித்து, கண்ணாடிச் சில்லு எதிர்ச் சுவர் வரைக்கும் சிதறியிருந்தது. அப்போது என் மகளுக்கு நான்கு வயது. பகலில் அவள் விளையாடும் இடம் அது.

முதலில் ஒயின் முழுவதும் தெளிந்து, எண் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு பொட்டாசியம் சார்பேட்டும் ஒரு கேம்டன் மாத்திரையும் பாக்கெட்டில் சொன்ன அளவுக்குச் சேர்த்துச் சில நாள் விடுங்கள். சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாது. அதன்பிறகு சீனிப்பாகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நாக்கில் பாருங்கள். இன்னும் இரண்டு வாரம் ஏர்லாக்கோடு வைத்து, குமிழ் இல்லையென்று உறுதியானதும் பாட்டிலில் ஊற்றுங்கள்.

செக்கச்செவேலென்று இருந்தது, இப்போது வெளுத்துவிட்டதே?

அது பழத்தின் இயல்பு. ஸ்ட்ராபெர்ரியின் சிவப்பு நிலையில்லாத நிறமி. வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் அதைக் கரைக்கும். முதல் வாரம் குங்குமம் மாதிரி இருப்பது, ஆறு மாதத்தில் ரோஜா நிறமாகி, ஒரு வருஷத்தில் செங்காவிக்கும் வைக்கோலுக்கும் நடுவில் வந்து நிற்கும். கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். கருநிற பாட்டில், இருட்டு, குளிர்ச்சி இருந்தால் கொஞ்சம் நாள் கூடுதலாகத் தங்கும். நிறத்துக்காகச் சிலர் கொஞ்சம் ராஸ்பெர்ரியும் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பதில்லை. அது தன் மணத்தை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

எப்போது குடிக்கலாம்?

பாட்டிலில் ஊற்றி மூன்று மாதம் கழித்து. பழுக்கப் பழுக்க நன்றாகும் என்று வருஷக்கணக்கில் வைக்க வேண்டாம்; அது திராட்சைக்குச் சரி. இதை ஒரு வருஷத்துக்குள், அதிகம் போனால் ஒன்றரை வருஷத்துக்குள் முடித்துவிடுங்கள். நன்றாகக் குளிர வைத்துச் சின்ன டம்ளரில்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது?

பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடவே கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈரல் நோய் என்று மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களில் சிலருக்கு கேம்டன் மாத்திரையில் இருக்கும் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது, மூச்சு முட்டும். வீட்டில் செய்த பாட்டிலில் எச்சரிக்கை எதுவும் அச்சடித்திருக்காது. அதனால் கொடுக்கிறவர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சரி, ஊரில் இருக்கும் நாங்கள் என்ன செய்வது?

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஸ்ட்ராபெர்ரி விளைகிறது. மார்கழி, தை மாதங்களில் மகாபலேஷ்வர் பழமும் வருகிறது. ஆனால் நம் வெயிலில் வீடு வந்து சேர்வதற்குள் பாதி கசங்கிவிடும். கசங்கிய பழத்துக்கு ஏற்றது வினிகர் சர்பத். இதில் மது இல்லை. ஆனால் ஒயினுக்குரிய அந்தப் புளிப்பும் சுருக்கும் நாக்கில் இருக்கும்.

அரைக் கிலோ பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நறுக்கி, அரைக் கிலோ சீனியோடு பிசிறி, கண்ணாடிப் பாத்திரத்தில் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் ஒரே நாளில் நுரைத்துவிடும். இரண்டாம் நாள் சீனி முழுக்க இளகி, பழம் சுருங்கி, மாணிக்கச் சிவப்பில் பாகு நிற்கும். அடுப்பே ஏற்றவில்லை, அதனால் பச்சைப் பழத்தின் மணம் அப்படியே இருக்கும். வடித்து, கால் லிட்டர் நல்ல வினிகர், ஆப்பிள் வினிகராக இருந்தால் மேல், கலந்து மறுபடியும் குளிர்பெட்டியில் வையுங்கள். முதல் நாள் வினிகர் நெடி தூக்கலாக இருக்கும். நான்கைந்து நாளில் அடங்கி இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு டம்ளரில் இரண்டு கரண்டி விட்டு, குளிர்ந்த சோடாவை ஊற்றிக் குடிக்கலாம். போன தை மாதம் வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதைத்தான் கொடுத்தேன். பன்னீர் சோடா கேட்டவர்களும் இரண்டாம் டம்ளருக்கு இதையே கேட்டார்கள்.

வினிகர் பிடிக்காதவர்கள் அதற்குப் பதில் நான்கு எலுமிச்சம்பழச் சாறு சேர்க்கலாம். ஆனால் அது இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. வினிகர் சேர்த்தது குளிர்பெட்டியில் இரண்டு மாதம் இருக்கும்.

சர்பத்தில் குமிழ் வருகிறதே, அதுவும் ஒயினாகிவிட்டதா?

புளிக்கத் தொடங்கிவிட்டது. சீனி குறைந்திருக்கும், அல்லது ஈரக் கரண்டி பட்டிருக்கும், அல்லது மின்சாரம் போய்க் குளிர்பெட்டி நின்றிருக்கும். அடைத்த பாட்டிலில் இருந்தால் வாயு கட்டியிருக்கும். முகத்தைத் தள்ளி வைத்து, துணியைப் போட்டு மூடியை மெதுவாகத் திருகித் திறந்து, தொட்டியில் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கொதிநீரில் கழுவிக் காய வையுங்கள்.